ஜெயில் ஃபயர் சேஃப்டி டெண்டர்: ரேட் போடறதுக்கு முன்னாடி உள்ள போய் பாருங்க

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். கடிதம் பெருசு, முக்கியமானத மட்டும் கீழ தர்றேன்.

"சார், மில்லு, ஆஸ்பத்திரி, அபார்ட்மெண்ட்னு ஹைட்ரன்ட் (தீயணைப்பு தண்ணி குழாய்), ஃபயர் அலாரம் வேலை எடுத்து செஞ்சிட்டு இருக்கேன். வருஷ டர்ன்ஓவர் நாலு கோடி கிட்ட வரும். இப்ப ஒரு மத்திய சிறையில இருக்கிற பழைய ஃபயர் சிஸ்டத்த எடுத்துட்டு புதுசு போடறதுக்கு டெண்டர் வந்திருக்கு, எஸ்டிமேட் 1 கோடியே 80 லட்சம். கவர்மெண்ட் வேலை எனக்கு இதுதான் மொத தடவை. பிஓக்யூவ (வேலையோட ஐட்டம், அளவு பட்டியல்) பாத்தா மில்லுக்கு போடற அதே ஐட்டம்தான் இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தர் 18 பர்சன்ட் கம்மியா போடு, எல்1 (இருக்கிறதுலயே குறைஞ்ச ரேட்) வந்துட்டா போதும், மிச்சத்த எக்ஸ்ட்ரா ஐட்டத்துல எடுத்துக்கலாம்ங்கறார். இன்னொரு பார்ட்டி போன் பண்ணி, எங்களுக்கு சப்போர்ட்டா ஒரு ரேட் போடுங்க, அடுத்த வேலைய உங்களுக்கு விடறோம்ங்கறாங்க. போடலாமா சார், எவ்வளவு போடலாம்?"

தம்பி, போடலாம். உங்க சைஸ் கம்பெனிக்கு இது கைக்கு மீறின வேலை கிடையாது. ஆனா கடிதத்துல ஒரு வரி இருக்கு பாருங்க, மில்லுக்கு போடற அதே ஐட்டம்தான்னு, அந்த இடத்துலதான் நான் நின்னுட்டேன். ஐட்டம் அதேதான், இடம் வேற. அந்த வித்தியாசத்த புரிஞ்சுக்காம ரேட் போட்டா உங்க காசும் போகும், அதவிட மோசமா, வேலை முடிஞ்சும் அந்த சிஸ்டம் யாரையும் காப்பாத்தாது.

மில்லுல அலாரம் அடிச்சா ஆளுங்க ஓடி வெளிய வந்துடுவாங்க, நம்ம கோட், ஸ்டாண்டர்ட் பெரும்பாலும் அந்த ஓட்டத்த நம்பித்தான் எழுதியிருக்கு. ஜெயில்ல யாரும் ஓட முடியாது. பூட்டுக்கு வெளிய இன்னொருத்தர் வரணும், சரியான சாவியோட வரணும், புகை கண்ண மறைக்கிறதுக்கு முன்னாடி வரணும். நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு, ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியக்காலைல, மனநலம் பாதிக்கப்பட்டவங்கள சங்கிலியில கட்டி வெச்சிருந்த கொட்டகையில தீ பிடிச்சு 28 பேர் செத்தாங்க. ஜெயில் இல்ல அது, ஆனாலும் அவங்களால எழுந்து ஓட முடியல, காரணம் அவ்வளவுதான். ஹோண்டுராஸ் நாட்டுல கொமயாகுவாங்கற ஊர் ஜெயில்ல 2012 பிப்ரவரி 14 ராத்திரி 360 பேருக்கு மேல போனாங்க, நிறைய பேர் பூட்டின அறைக்குள்ளயே, சாவி நேரத்துக்கு வந்து சேரல. இந்தோனேசியாவுல தாங்கராங் சிறையில 2021 செப்டம்பர்ல நடுராத்திரி ஒரு பிளாக் எரிஞ்சு 40 பேருக்கு மேல, அங்கயும் அறைக் கதவு பூட்டியிருந்துச்சு, அளவுக்கு மேல ஆள் அடைச்சு வெச்சிருந்தாங்க, கரண்ட் கோளாறுன்னுதான் மொதல்ல சொன்னாங்க. இந்த மூணுலயும் கேள்வி தண்ணி இருந்துச்சா, பைப் இருந்துச்சாங்கறதுல ஆரம்பிக்கல, யாருக்கு எப்ப தெரிஞ்சுது, திறக்கிறவர் எங்க இருந்தார்ங்கறதுலதான் ஆரம்பிக்குது.

அதனால இந்த வேலைய நீங்க மனசுல ஒரே ஒரு கேள்வியா வெச்சுக்கோங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு செல்லுல போர்வை பத்திக்குது, சாவி வெச்சிருக்கிற வார்டருக்கு எத்தனை வினாடில தெரியும், அவருக்கு எந்த பிளாக், எந்த செல்லுன்னு தெரியுமா? பிஓக்யூல இருக்கிற ஒவ்வொரு வரியையும் இந்த கேள்விய வெச்சு படிங்க.

நம்ம நேஷனல் பில்டிங் கோட் 2016ல நாலாவது பார்ட்தான் ஃபயர். அதுல கட்டிடத்த வகை பிரிக்கும்போது ஆஸ்பத்திரி சி-1, சிறையும் மனநல காப்பகமும் சி-3. மில்லு ஜி குரூப். வகை மாறினா தேவையும் மாறும், அதனால உங்க பழைய மில் ட்ராயிங்க எடுத்து பேரு மாத்திடாதீங்க. அமெரிக்காவுல என்எஃப்பிஏ 101னு ஒரு கோட் இருக்கு, அது நம்மள கட்டுப்படுத்தாது, ஆனா ஜெயில் அத்தியாயத்த ஒரு தடவை படிச்சிடுங்க. அலாரம் வந்த 2 நிமிஷத்துக்குள்ள பூட்ட திறக்க ஆரம்பிக்கிற அளவுக்கு ஸ்டாஃப் இருக்கணும்ங்குது, வெளியேறும் வழில இருக்கிற கதவோட சாவி ஒவ்வொண்ணும் பாத்தாலும் தெரியணும், தொட்டாலும் தெரியணும்ங்குது. தொட்டாலும் ஏன்னா புகைக்குள்ள வார்டருக்கு கண்ணு தெரியாது, கை மட்டும்தான். இது எதுவும் உங்க பிஓக்யூல வராது, சாவிக் கொத்துக்கு டெண்டர்ல ஐட்டம் கிடையாது. இருந்தாலும் ப்ரீ-பிட் மீட்டிங்ல (டெண்டர் போடறதுக்கு முன்னாடி சந்தேகம் கேக்கிற கூட்டம்) கேளுங்க, ஒரு சிறை சூப்பிரண்டாவது அத எழுதி வெச்சுக்குவார்.

இப்ப ஐட்டத்துக்கு வர்றேன்.

ஸ்மோக் டிடெக்டர். சாதாரண ஸ்பாட் டிடெக்டர்தான் பிஓக்யூல போட்டிருப்பாங்க, ஐஎஸ் 2189 படின்னு ஒரு வரி இருக்கும். செல்லுக்குள்ள கைக்கு எட்டற உயரத்துல அத மாட்டினா கொஞ்ச நாள்ல துணி கட்டி மூடியிருப்பாங்க, இல்ல கழட்டியிருப்பாங்க, வயர உருவியிருப்பாங்க. பழைய ஜெயில்ல வேற பிரச்சினை, உங்க ஊர் மத்திய சிறையே 1872ல வந்தது, அந்த காலத்து பேரக்னா (கைதிங்க கூட்டமா தங்கற ஹால்) கூரை ரொம்ப உயரம், புகை மேல ஏறி டிடெக்டர்கிட்ட சேர்றதுக்குள்ள ஆறிப்போய் பரவிடும், கீழ படுத்திருக்கிறவன் மூச்சு திணற ஆரம்பிச்ச பிறகுதான் அலாரம் அடிக்கும். நீளமான பேரக்குக்கு பீம் டிடெக்டர் (ஒளிக்கதிர் விட்டு புகைய கண்டுபிடிக்கிறது) சரியா வரும், செல் வரிசைக்கு காத்த உறிஞ்சி பாக்கிற ஆஸ்பிரேட்டிங் டைப் நல்லது, அதுல செல்லுக்குள்ள ஒரு சின்ன துவாரம் மட்டும்தான் தெரியும், மெஷின் வார்டர் நடக்கிற காரிடார்ல இருக்கும், சர்வீஸ் பண்ணவும் செல்லுக்குள்ள போகவேண்டாம். விலை அதிகம், ஒத்துக்கறேன். ஆனா ஸ்பாட் டிடெக்டர்தான் பிஓக்யூல இருக்குன்னா நீங்களா மாத்தி ரேட் போடக்கூடாது, கண்டிஷன் போட்ட டெண்டர அப்படியே தள்ளிடுவாங்க. ப்ரீ-பிட்ல எழுத்துல கேளுங்க, சரின்னு பட்டா எல்லாருக்கும் சேத்து திருத்த அறிவிப்பு விடுவாங்க. சமையல்கட்டுல ஸ்மோக் டிடெக்டர் போட்டிருக்கான்னும் பாருங்க, ஆயிரக்கணக்கான பேருக்கு சமைக்கிற இடம், அங்க ஹீட் டிடெக்டர்தான் நிக்கும். ஸ்மோக் டைப் போட்டா தினம் மூணு வேளையும் அடிக்கும், ஒரு வாரத்துல பேனல சைலன்ஸ்ல போட்டுடுவாங்க, அதுக்கப்புறம் மொத்த சிஸ்டமும் இருந்தும் இல்லாத கணக்குதான்.

மேனுவல் கால் பாயிண்ட், அதாவது தீய பாத்தவங்க கையால அலாரம் குடுக்கிற பெட்டி, காரிடார்ல வரிசையா போட்டிருப்பாங்க, கண்ணாடி உடைக்கிற டைப். கைதி நடமாடற இடத்துல கண்ணாடி வெக்க விடமாட்டாங்க, விடவும் கூடாது. வார்டர் போஸ்ட்ல, சாவி போட்டு இயக்கிற டைப்தான் வேணும். இன்னொண்ணு, பூட்டியிருக்கிற செல்லுக்குள்ள இருக்கிறவன் வார்டர எப்படி கூப்பிடுவான்? கத்தித்தான் கூப்பிடணும்னா ராத்திரில ரெண்டு வார்டர் எத்தனை பிளாக் பாப்பாங்க? ஒரு கால் பட்டன், இல்ல டாக்-பேக் (ரெண்டு பக்கமும் பேசற கருவி), இதையும் கேளுங்க.

ஹூட்டர். மில்லுல எவ்வளவு சத்தமோ அவ்வளவு நல்லது. இங்க பூட்டின பிளாக்குக்குள்ள காத கிழிக்கிற ஹூட்டர் அடிச்சா உள்ள இருக்கிற நூத்துக்கணக்கான பேருக்கு என்ன நடக்குதுன்னு தெரியாது, வெளிய வரவும் முடியாது, கதவ இடிக்க ஆரம்பிப்பாங்க, வார்டருக்கு இது தீயா கலவரமான்னு புரியாது. 1999 நவம்பர்ல அப்போதைய சென்னை மத்திய சிறையில நடந்த கலவரத்துல ஒரு சிறை அதிகாரிய எரிச்சே கொன்னாங்க, போலீஸ் சுட்டதுல கைதிகளும் செத்தாங்க. அந்த ஞாபகம் இந்த டிபார்ட்மெண்ட்ல இன்னும் இருக்கு, அதனால அலாரம் அடிச்ச உடனே எல்லா கதவையும் திறன்னு நீங்க சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, அதுல நியாயமும் இருக்கு. மொதல்ல ஸ்டாஃபுக்கு மட்டும் தெரியற மாதிரி, வார்டர் போஸ்ட்லயும் மெயின் கேட்லயும் ரிப்பீட்டர் பேனல் (மெயின் பேனல்ல வர்றத அங்கயும் காட்டறது), எந்த பிளாக்னு தமிழ்ல எழுதி லைட் எரியற மிமிக் போர்டு, அப்புறம் மைக்ல பேசற வசதி. பேனல்ல "ஸோன் 14"னு வந்தா நைட் டூட்டி வார்டருக்கு ஒண்ணும் விளங்காது. "அஞ்சாம் பிளாக் மாடி"ன்னு வரணும்.

இதுல பல பேர் கவனிக்காத ஒண்ணு ஜிஎஸ்எம் டயலர். தீ வந்தா பேனல்ல இருந்து ஆபீசருங்க மொபைலுக்கு தானா போன் போகும்னு போடறது. ஜெயில்ல மொபைல் ஜாமர் இருக்கும். ஜாமர் வேலை செய்யற இடத்துல அந்த டயலர் வெறும் டப்பா. வயர்லெஸ் டிடெக்டர் போட்டிருந்தாலும் அந்த சந்தேகம் உண்டு, எந்த அலைவரிசைன்னு தெரியாம கை வெக்கக்கூடாது. லேண்ட்லைன் டயலர், இல்ல ஃபைபர்ல கண்ட்ரோல் ரூம் வரைக்கும் லைன், இப்படித்தான் யோசிக்கணும். உங்க பிஓக்யூல ஜிஎஸ்எம் இருந்தா ப்ரீ-பிட்ல மொத கேள்வியா இதையே கேளுங்க.

ஹைட்ரன்ட் பக்கம் வாங்க. ஹோஸ் பாக்ஸ்ல இருக்கிற பிராஞ்ச் பைப், நாசில் எல்லாம் கனமான உலோகம், கைல எடுத்தா ஆயுதம். எக்ஸ்டிங்விஷர் சிலிண்டரும் அப்படித்தான். அதனால இதெல்லாம் பிளாக்குக்கு வெளிய, வார்டர் ரூம்ல, பூட்டின பெட்டில போகும், அப்ப ஹோஸ் நீளம் கடைசி செல் வரைக்கும் எட்டுமான்னு கணக்கு மறுபடி போடணும். சுவத்துல ஓடற பைப்பு ஏறறதுக்கு ஏணி, தூக்கு மாட்டறதுக்கும் இடம். ஜெயில்ல தற்கொலை நடக்குது தம்பி, நம்ம போடற கிளாம்ப் அதுக்கு வழி பண்ணக்கூடாது. செல்லுக்குள்ள வெளிய தெரியற பைப் வேண்டாம், கேபிளும் வேண்டாம். ஸ்பிரிங்க்ளர் இருந்தா எடை தொங்கினா கழண்டு விழற இன்ஸ்டிடியூஷனல் டைப் ஹெட் கேட்டிருக்காங்களா பாருங்க, சாதாரண ஹெட்டுக்கும் அதுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். காம்பவுண்ட் மதில ஒட்டி ட்ரெஞ்ச் தோண்ட விடமாட்டாங்க, ட்ராயிங்ல லைன் அந்த ஓரமா போனா ரூட் மாறும், மீட்டர் கூடும். ஃபயர் சர்வீஸ் வண்டி அந்த ரெட்டை கேட்டுக்குள்ள நுழையுமான்னு டேப் வெச்சு அளந்து பாருங்க, நுழையாதுன்னா வண்டில இருந்து தண்ணி ஏத்தற இன்லெட் மதிலுக்கு வெளிய வேணும்.

தறி, தையல், பேக்கரி இருக்கிற ஷெட்ட தனியா போய் பாருங்க. பல ஜெயில்ல நிஜமான ஃபயர் லோடு அங்கதான், நூலும் துணியும் பஞ்சும் அடுக்கியிருக்கும், பல டெண்டர்ல அந்த ஷெட் பிளான்லயே வராது.

இதெல்லாம் உக்காந்த இடத்துல தெரியாது, அதனால சைட் விசிட் போகாம இந்த டெண்டர போடவே போடாதீங்க. பார்த்தேன்னு ஒரு கையெழுத்து டாகுமென்ட்லயே கேப்பாங்க, பாதி பேர் பாக்காமயே போட்டுடறாங்க. நீங்க போகும்போது ஃபிட்டர் ஒருத்தர கூட்டிட்டு போங்க, பழைய பம்ப் ரூம்ல எது ஓடுது எது ஓடலன்னு அவருக்குத்தான் பாத்த உடனே தெரியும்.

சரி, காசு. இங்கதான் உங்க ஃப்ரெண்டு சொன்னதுல ஆபத்து இருக்கு.

ஜெயில்ல வேலை நேரம் உங்க கையில இல்ல. காலைல ஆளுங்க கேட்டுக்கு வருவாங்க, போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்ச லிஸ்ட்ல பேர் இருக்கணும், ஆதார் பாப்பாங்க, உடம்ப சோதிப்பாங்க, போன், பீடி, சிகரெட், புகையிலை எல்லாம் வெளிய வெக்கணும், அப்புறம் டூல்ஸ ஒண்ணொண்ணா எண்ணி ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க. ஸ்பேனர் எத்தனை, ஸ்க்ரூ டிரைவர் எத்தனை, ஆக்சா பிளேடு எத்தனை. பிளேடு ஒடிஞ்சா ரெண்டு துண்டையும் சாயந்திரம் காட்டணும். ஒரு துண்டு கிடைக்கலன்னா தேடி முடிக்கிற வரைக்கும் உங்க ஆளு ஒருத்தரும் வெளிய வர முடியாது. சாயந்திரம் லாக்கப்புக்கு முன்னாடி எல்லாத்தையும் திருப்பி எண்ணி வெளிய வந்துடணும், ஏணியும் சாரக்கம்பும் உள்ள விட்டுட்டு வர முடியாது, திறந்த ட்ரெஞ்ச ராத்திரி அப்படியே விட முடியாது. பெண்கள் பிளாக்குன்னா பெண் ஸ்டாஃப் கூட இருக்கணும். ஒரு நாள் உள்ள ஏதாவது தகராறுன்னா அன்னைக்கு கேட்டே திறக்க மாட்டாங்க, உங்க ஆளுக்கு கூலி நீங்கதான் குடுக்கணும்.

கூட்டிக் கழிச்சா எட்டு மணி நேரக் கூலிக்கு அஞ்சரை மணி நேரம் வேலை நடந்தா பெரிய விஷயம். கணக்கு போடுங்க. மில் ரேட்டுல லேபர் 20 லட்சம்னு வெச்சுக்கோங்க. எட்ட அஞ்சரையால வகுத்தா ஒண்ணரைல இருந்து கொஞ்சம் கம்மி, கிட்டத்தட்ட 1.45. அப்ப அதே வேலைக்கு லேபர் 29 லட்சம். 9 லட்சம் கூடுது, 1 கோடியே 80 லட்சத்துல அது 5 பர்சன்ட். எஸ்டிமேட் போட்டவங்க ஷெட்யூல் ரேட்ட (அரசு நிர்ணயிச்ச ரேட்) வெச்சு போட்டிருப்பாங்க, அதுல இந்த கேட் நேரம் வந்திருக்காது. நீங்க ஒரு ரூபா குறைக்கறதுக்கு முன்னாடியே 5 பர்சன்ட் போயாச்சு, அதுக்கு மேல 18 குறைச்சா எங்க இருந்து எடுப்பீங்க? ட்ரெஞ்ச தினம் மூடி திறக்கிறது, உள்ள வெல்டிங்க குறைக்க வெளியிலயே பைப்ப அளவு வெட்டி, குரூவ் போட்டு கொண்டு வர்றது, ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு உள்ள போக தனி பர்மிஷன், இதெல்லாம் இன்னும் மேல. குரூவ்டு கப்ளிங் (வெல்டிங் இல்லாம பைப்ப இணைக்கிற பிடி) விலை ஜாஸ்தின்னு பாக்காதீங்க, உள்ள வெல்டிங் நாள் குறைஞ்சா அந்த காசு திரும்பி வந்துடும்.

எக்ஸ்ட்ரா ஐட்டத்துல எடுத்துக்கலாம்ங்கறது பழைய பேச்சு. எக்ஸ்ட்ரா ஐட்டத்துக்கு சாங்ஷன் வாங்கணும், ரேட் அனாலிசிஸ் குடுக்கணும், ஆடிட் கேள்வி வரும், அதுக்குள்ள உங்க சப்ளையர் வீட்டு வாசல்ல நிப்பார். ரொம்ப கம்மியா போட்டா கூடுதல் செக்யூரிட்டி டெபாசிட் கட்டச் சொல்ற நிபந்தனையும் பல டாகுமென்ட்ல இருக்கு, எஸ்டிமேட்டுக்கும் உங்க ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதின்னு சிலதுல போட்டிருக்கும். 18 பர்சன்ட்னா வித்தியாசம் 32 லட்சத்துக்கு மேல, பாதி 16 லட்சம், அத எடுத்து டெபாசிட்டுல போட்டுட்டு மெட்டீரியல் எதுல வாங்குவீங்க? உங்க டாகுமென்ட்ல அந்த பக்கத்த தேடிப் படிச்சிட்டு பேங்க் மேனேஜர்கிட்ட பேசுங்க. கவர்மெண்ட் வேலைல குறைச்சு போட்டவன் நஷ்டத்த எங்க சரிகட்டுவான்னு உங்களுக்கே தெரியும், பைப் கனத்துல, கேபிள் தரத்துல, டெஸ்டிங்ல. மத்த கட்டிடத்துல அது ஒரு குறை. பூட்டின கட்டிடத்துல அது மனுஷன் உயிர், அதனால இந்த வேலைய அந்த மாதிரி எடுக்கிறதுக்கு எடுக்காமலே இருங்கன்னு நேராவே சொல்லிடறேன்.

ஜிஎஸ்டிய கவனிங்க. கவர்மெண்ட் ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டுக்கு 2022 ஜூலை 18ல இருந்து 18 பர்சன்ட், அதுக்கு முன்னாடி 12. ரேட் ஜிஎஸ்டி சேத்தா, சேக்காமயான்னு டாகுமென்ட்ல ஒரு வரிதான் இருக்கும், அந்த ஒரு வரில வருஷ லாபம் போயிருக்கு பல பேருக்கு. பில்லுல இருந்து ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 பர்சன்ட், வருமான வரி டிடிஎஸ், தொழிலாளர் நல நிதி 1 பர்சன்ட், ரிடென்ஷன் (வேலைக்கு உத்தரவாதமா நிறுத்தி வெக்கிற பணம்) எல்லாம் பிடிச்சிட்டுத்தான் கைக்கு வரும். டிடிஎஸ் பின்னாடி கணக்குல திரும்பும், நல நிதி திரும்பாது, அத ரேட்டுக்குள்ள வெச்சிடுங்க. பில் லேட்டாகும்னு எடுத்துக்கிட்டு, எவ்வளவு மாசம் உங்க காசுலயே ஓட்ட முடியும்னு பாருங்க. என்னைக் கேட்டா எஸ்டிமேட்ட ஒட்டியே, தேவைன்னா அதுக்கு கொஞ்சம் மேலயும் போடுங்க. மேல போட்டா கிடைக்காதேன்னு நினைக்காதீங்க, எல்1 வந்தவர கூப்பிட்டு குறைக்கச் சொல்லி பேசறதுக்கு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டத்துலயே, 1998 சட்டம், இடம் இருக்கு.

அந்த போன் விஷயம். சப்போர்ட்டா ரேட் போடறதுங்கறது, அதாவது அவங்க ஜெயிக்கறதுக்காக நீங்க பேருக்கு அதிக ரேட் போடறது, எல்லா ஊர்லயும் நடக்குது, எல்லாரும் சாதாரணமா பேசறாங்க, ஆனா சட்டப்படி அது பிட் ரிக்கிங். காம்பெடிஷன் ஆக்ட் 2002ல மூணாவது பிரிவு அதைத்தான் தடுக்குது, அபராதம் பெருசு, கூடவே பிளாக்லிஸ்ட். எலக்ட்ரானிக் டெண்டர்ல ஒரே இடத்துல இருந்து ரெண்டு பேர் அப்லோட் பண்ணினா தடயம் அப்படியே நிக்கும். முடியாதுன்னு மரியாதையா சொல்லிட்டு வெச்சிடுங்க, திரும்ப பேச்சு வெச்சுக்காதீங்க, வாட்ஸ்அப்ல பதில் போடாதீங்க.

தகுதி பத்தி சுருக்கமா. டெண்டர் பொதுப்பணித்துறையோடதா, போலீஸ் ஹவுசிங் கார்ப்பரேஷனோடதான்னு கடிதத்துல எழுதல, சிறை கட்டிட வேலைய ரெண்டு பேருமே எடுக்கிறாங்க, கான்ட்ராக்டர் ரிஜிஸ்ட்ரேஷன் எந்த கிளாஸ் வேணும்னு அதப் பொறுத்து பாருங்க. எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் காலாவதி ஆகாம இருக்கணும். கிளாஸ் 3 டிஜிட்டல் சிக்னேச்சர் இப்பவே வாங்கிடுங்க, கடைசி நாள்ல அப்லோட் பண்ண உக்காராதீங்க. டெண்டரோட கட்டற டிபாசிட், அதாவது இஎம்டி, ரூல்ஸ்படி மதிப்புல 1 பர்சன்ட்டுக்கு மேல கேக்கக்கூடாது, உங்களுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் கிட்ட வரும். உத்யம் சர்டிஃபிகேட் (சிறு தொழில் பதிவு) இருக்கு, அதனால இஎம்டி கட்ட வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க, அது பெரும்பாலும் பொருள் சப்ளைக்குத்தான், இந்த மாதிரி ஒர்க்ஸுக்கு குடுக்கிறதில்ல, டாகுமென்ட்ல என்ன இருக்கோ அதுதான். ஒரே மாதிரி வேலை செஞ்ச அனுபவம் கேட்டிருந்தா உங்க ஆஸ்பத்திரி வேலையோட கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டும் ஃபயர் சர்வீஸ் என்ஓசியும் (தடையில்லா சான்று) வைங்க, அது மில்லவிட கிட்ட வரும். தனியார் வேலைய ஏத்துக்கிறாங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க, ஏத்துக்கலன்னா யார்கிட்டயும் சர்டிஃபிகேட் வாங்கி ஒட்டாதீங்க, இந்த டெண்டர விட்டுட்டு, எடுக்கிற பெரிய கான்ட்ராக்டர்கிட்ட அலாரம் பகுதிய மட்டும் வாங்கி செய்ங்க, அடுத்த தடவைக்கு அனுபவம் உங்க பேர்ல நிக்கும். டெக்னிகல் கவர்ல (தகுதி பாக்கிற கட்டத்துல) நியாயமில்லாம தள்ளிட்டாங்கன்னு தோணினா அந்த டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டத்துல 11ஆம் பிரிவுப்படி 10 நாளைக்குள்ள அரசுக்கு அப்பீல் போகலாம், ஒரு நாள் தாண்டினாலும் கஷ்டம்.

வேலை கிடைச்சதுக்கு அப்புறம் ரெண்டு விஷயத்த விட்டுடாதீங்க. டெஸ்டிங்க காகிதத்துல முடிக்காதீங்க, பம்ப்ல இருந்து ரொம்ப தூரத்துல இருக்கிற ஹைட்ரன்ட்ட திறந்து 3.5 கிலோ பிரஷர் நிக்குதான்னு கேஜ வெச்சு சூப்பிரண்ட் முன்னாடியே காட்டுங்க. ஈபி கரண்ட ஆஃப் பண்ணிட்டு டீசல் பம்ப் தானா எடுக்குதான்னும் காட்டுங்க, எத்தனையோ பம்ப் ரூம்ல பேட்டரி செத்து கிடக்கிறத பாத்திருக்கேன். அலாரத்த நைட் ஷிஃப்ட்ல ஒரு தடவை டெஸ்ட் பண்ண பர்மிஷன் கேளுங்க, பகல்ல எல்லாரும் நிக்கும்போது அடிச்சா வேகமா வந்துடுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சா வார்டர் பேனல்கிட்ட வந்து படிச்சு, சாவி எடுத்து, அந்த கதவுகிட்ட போக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஸ்டாப்வாட்ச்ல பாக்கணும். போன உடனே ஸ்டாஃப் பேச்சு வாக்குல என்ன தடங்கல்னு சொல்லுவாங்க, சாவிய வேற பிளாக்ல வெச்சிருக்கோம், ரெண்டாவது கேட்டு சாவி ஜெயிலர்கிட்டன்னு, அத எழுதி கமிஷனிங் ரிப்போர்ட்ல சேத்துடுங்க. அது உங்க ஸ்கோப் இல்லன்னு யாராவது சொல்லுவாங்க, சேத்துடுங்க.

ட்ரெய்னிங்குக்கு பிஓக்யூல ஐட்டம் இருக்கவே இருக்காது, இருந்தாலும் மூணு ஷிஃப்ட் வார்டருக்கும் தனித்தனியா, தமிழ்ல, பேனல் முன்னாடி நிக்க வெச்சு சொல்லிக் குடுக்கிற செலவ ரேட்டுக்குள்ள வெச்சிடுங்க. வார்டருங்க ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டே இருப்பாங்க, அதனால டிஃபெக்ட் லயபிலிட்டி (குறை வந்தா நீங்களே சரிபண்ண வேண்டிய காலம்) முடியற வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய் புது ஆளுங்களுக்கு திரும்ப சொல்லுங்க, எப்படியும் சர்வீஸுக்கு போகத்தான் போறீங்க.

இப்போதைக்கு நீங்க பண்ண வேண்டியது, ப்ரீ-பிட் தேதி எப்பன்னு பாத்து, அதுக்கு முன்னாடி சைட் விசிட்டுக்கு சிறை சூப்பிரண்டுக்கு லெட்டர் குடுங்க, டெண்டர் போட்ட எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியருக்கு காப்பி, வர்ற ஆளுங்க ஆதார் நகலோட. ஒரே நாள்ல பர்மிஷன் வராது, ஒரு வாரம் முன்னாடியே குடுத்துடுங்க. போய்ட்டு வந்து ஜாமர், கால் பாயிண்ட், பேரக் உயரம், பைப் ரூட், வெளி இன்லெட், ஒர்க் ஷெட், வேலை நேரம், இந்த கேள்விகள எழுத்துல அனுப்புங்க. பதில் வந்ததும் பிஓக்யூவையும் உங்க ரேட் ஷீட்டையும் எனக்கு அனுப்பி வைங்க, லேபர் கணக்க மட்டும் நான் ஒரு தடவை பாத்து தர்றேன்.